கலோலோ பெயருக்கு ஒரு மீன்

செப்டம்பர் 24, திங்கள்

காலையில் மழை. தொட்டி முக்கால் அளவு நிறைந்தது. எங்கள் தீவுக்குக் கப்பல் வியாழக்கிழமை வருமாம். போன வாரமும் வியாழன் என்றுதான் சொன்னார்கள். எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

இதைப் பழைய மீன் பங்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க ஊர்க்காரர்களின் பெயர், எல்லாம் என் கையெழுத்து. ஊர்ச் சபை அலுவலகத்துக்குப் புது நோட்டு வந்துவிட்டதால் இதை இனி யாரும் தேடமாட்டார்கள். என் தங்கை லோசா நியூசிலாந்திலிருந்து போன் செய்து, "எதையாவது எழுதுக்கா, சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத" என்றாள். நான் சுவரைப் பார்ப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? என் நாத்தனார் மதலேனா அண்ணிதான் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரில் சுவரைக்கூட தனியாகப் பார்க்க முடியாது.

என் கணவர் கலோலோ கடலுக்குப் போய் இன்றோடு இருபது நாள். மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நியூசிலாந்து விமானம் மூன்று நாள் தேடியது. ஒரு பெட்ரோல் டின் அகப்பட்டது. அது எங்களுடையது இல்லை.

செப்டம்பர் 26, புதன்

இன்று சூரை மீன் வந்தது. ஆண்கள் எல்லாரும் விடியுமுன் போய்ப் பத்து மணிக்குத் திரும்பினார்கள். சங்கு ஊதியதும் கரைக்குப் போனேன்.

ஊரின் மற்ற பக்கங்களுக்குப் பங்கு வைக்கிறவர்கள் தலையை எண்ணி மீனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்துக்குப் பெதேலோ மாமா. அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லித்தான் வைப்பார். நூற்றுப் பதினெட்டுப் பேர். பெயரைச் சொன்னதும் யாராவது குரல் கொடுக்க வேண்டும். பிறந்து நாலு நாளான குழந்தைக்கும் யாராவது "இருக்கான்" என்று சொன்னால்தான் மீன் இறங்கும். வெயிலில் நின்று நின்று எல்லாருக்கும் மண்டை காயும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர் பங்கும் தவறியதில்லை.

கடைசிக்கு முந்தைய வீடு எங்களுடையது. "கலோலோ" என்றார். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மதலேனா அண்ணியின் குரல், கோயில் மணி மாதிரி: "இருக்கான்!"

மீன் இறங்கியது. பிறகு "செசிலியா" என்றார். "இருக்கேன்" என்றேன்.

போன தடவையும் இப்படித்தான். அதற்கு முந்திய தடவையும்.

செப்டம்பர் 28, வெள்ளி

கப்பல் வந்தேவிட்டது, ஒரு நாள் தாமதம். அரிசி, மாவு, டின் மாட்டிறைச்சி, பள்ளிக்குப் புது வாத்தியாரும் அவர் மனைவியும். இருவர் பெயரையும் நோட்டில் எழுதினேன். நூற்றிருபது.

இன்று ராத்திரி இந்த ஊரில் தலை சாய்க்கிறவருக்கு நாளைக்குப் பங்கு உண்டு, அவர் யாராக இருந்தாலும். கப்பலேறினால் அன்றே பெயரை அடிக்க வேண்டும். லோசா போன அன்று, கப்பல் கண்ணை விட்டு மறையுமுன்பே அவள் பெயரை அடித்தேன். செத்தவர்களை, குழி மூடிய அன்று. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரை என்றைக்கு அடிப்பது? அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

துணி துவைத்தேன். கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கும் துடுப்பை எடுத்துவிட்டு வேறு கழி வைக்க வேண்டும். வைக்கவில்லை.

அக்டோபர் 3, புதன்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 5, வெள்ளி

மதலேனா அண்ணி சாப்பிட வந்தார். கலோலோவுக்கு மூத்தவர், பத்து வயது வித்தியாசம். தூக்கி வளர்த்த தம்பி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் தென்னை, நிலம், கிழங்குக் குழி எல்லாவற்றிலும் அக்காள் சொல்தான் நிற்கும், தம்பி உழைக்க வேண்டும், அவ்வளவுதான். கலோலோ அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. என்னிடம் மட்டும் குறைப்படுவார்.

கலோலோ பெயருக்கு வந்த மீன்களை உப்பிட்டுக் காயவைத்திருக்கிறேன். கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. தின்னவும் மனமில்லை, பன்றிக்குப் போடவும் கை வரவில்லை. என் பங்கைத்தான் சமைத்தேன், தேங்காய்ப்பால் விட்டு. அண்ணி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடி இது, கடலையே கொதிக்க வெச்சு ஊத்துன மாதிரி இருக்கு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

"உப்பு கரிக்குதுடி. நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"

நான் இன்னொரு வாய் தின்று பார்த்தேன். மீன் மாதிரியும் இல்லை, உப்பு மாதிரியும் இல்லை. மென்றால் உள்ளே போகிறது. ஒரு மாதமாக இப்படித்தான் இருக்கிறது. ருசி தெரியவில்லை என்று இன்னொரு சிட்டிகை போடுகிறேன் போல. அண்ணியிடம் சொல்லவில்லை. அவர் தண்ணீரை ஊற்றி அலசி அலசி மிச்சத்தையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

அக்டோபர் 9, செவ்வாய்

காற்று திசை மாறிவிட்டது. எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது பாரை மீன் இருபத்தொன்பதுதான். ஆளுக்குக் கால் துண்டு. அப்படி வைத்தும் நாலு பேருக்கு இல்லை. வரிசையில் கடைசி வீடு பக்கத்து வீட்டு லெபெகாவினுடையது. அவளுக்கு நாலு பிள்ளைகள். பெதேலோ மாமா தன் வீட்டு வரிசைக்குப் போய், அங்கே வைத்த நாலு துண்டுகளை எடுத்து வந்து லெபெகாவின் முன்னால் வைத்தார். அவர் வீட்டில் இன்றைக்குச் சீமைப்பலாவும் தேங்காயும்தான்.

கலோலோவின் கால் துண்டு என் பாயில் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்தத் துண்டை லெபெகாவிடம் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கலோலோ அண்ணன் பங்கு எனக்கு எதுக்குக்கா? நாளைக்கு அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகத்தானா? அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. துண்டைத் திரும்ப எடுத்து வந்தேன். உப்பிட்டேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

நாற்பது நாள்.

கோயில் ஜெபம் முடிந்து, அதை நடத்தும் வேதியர் மிகாயேலே வந்தார். பாதிரியார் அடுத்த கப்பலில்தான் வருவார், அவரிடம் சொல்லி வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இறந்தவங்க பூசை" என்ற சொல்லை வாயிலேயே மென்று முழுங்கினார். மதலேனா அண்ணி விடவில்லை.

"செத்தவனுக்குத்தான் அந்தப் பூசை. என் தம்பி செத்ததை நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா, நாற்பது நாளாச்சு..."

"நாற்பது நாள் ஏசுசாமி பாலைவனத்துல சாப்பிடாம இருக்கலயா? இவன் கையில தூண்டில் இருக்கு."

வேதியர் ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போய்விட்டார். கலோலோ கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஈரக் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஊதினாலும் பற்றாது.

அக்டோபர் 17, புதன்

லோசா போன் செய்தாள். "கப்பலேறி வந்துடுக்கா, இங்க வந்து எங்கூட இரு. அங்க என்ன இருக்கு?"

யோசிக்கிறேன் என்றேன். போனால் என் பெயரை அடிக்க வேண்டும். அடிக்கிற ஆள் நான்தான். பிறகு கலோலோ பெயர் மட்டும் தனியாக நிற்கும். அதற்கு வருகிற மீனை யார் எடுப்பார்கள்?

போனை வைத்த பிறகும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிய விஷயம் மாதிரி.

அக்டோபர் 19, வெள்ளி

பெதேலோ மாமாவை அலுவலகத்தில் பார்த்தேன். கேட்டுவிட்டேன்.

"மாமா, அவர் பேரை என்ன பண்றது?"

"நோட்டு உன்கிட்ட இருக்கு. எழுதியிருக்கறத நான் படிக்கிறேன். எழுதாததப் படிக்க எனக்குக் கண்ணு கிடையாது."

"உங்க வீட்டுத் துண்டை எடுத்து வெச்சீங்களே அன்னிக்கு."

"என் வீட்டுத் துண்டு, என் இஷ்டம்."

பிறகு, நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் பெருவிலிருந்து அடிமை பிடிக்கிற கப்பல் வந்ததே, அந்தக் கதை. அதை எங்கள் மூன்று தீவிலும் சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும். கட்டுமஸ்தான ஆண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அவர் சொன்னது அதற்குப் பிறகு நடந்ததாம். மீன் பிடிக்க ஆளே இல்லாதபோதும் பெண்கள் பவளத் திட்டில் பொறுக்கிய சிப்பியையும் நண்டையும் கரையில் பங்கு வைத்தார்களாம், போனவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிப்பி.

"எத்தனை நாள் வெச்சாங்க?"

"அதை எனக்கு யாரும் சொல்லல."

"எப்ப நிறுத்தினாங்கன்னாவது தெரியுமா?"

"நிறுத்தியிருக்கணும். இல்லேன்னா இன்னிக்கும் நான் அவங்க பேரை எல்லாம் படிச்சிட்டு நிக்கணுமே."

இந்தக் கதையை வேறு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. எனக்காக அங்கேயே கட்டியிருந்தாலும் கட்டியிருப்பார். மனுஷன் முகத்தை ஆமை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 22, திங்கள்

இன்று எங்கள் தீவில் வாக்களிப்பு. நியூசிலாந்தின் கீழ் இப்படியே இருப்பதா, நம்மை நாமே ஆள்வதா என்று. போன வருடமும் கேட்டார்கள், ஆள்வதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுத் தேறவில்லை. ஐக்கிய நாடுகள் சபையிலிருந்தெல்லாம் ஆள் வந்து வியர்த்து ஒழுகுகிறார்கள்.

வாக்காளர் பட்டியலில் கலோலோ பெயர் இருந்தது. அதை ஆகஸ்டில் தயார் செய்து அனுப்பியவளும் நான்தான். மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய ஒரு பெண் என்னிடம் கேட்டாள், இவர் வரவில்லையா என்று. கடலில் இருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்றாள். மாலைக்குள் வருவதாகச் சொன்னார் என்றேன். பொய் இல்லை. அவள் ஏதோ குறித்துக்கொண்டாள்.

நானும் போட்டேன். எந்தக் கட்டத்தில் கோடு போட்டேன் என்று வெளியே வந்ததும் மறந்துவிட்டது.

அக்டோபர் 26, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நம்மை நாமே ஆளப் பதினாறு ஓட்டுக் குறைவு. ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. யார் வீட்டில் யார் எதிர்த்துப் போட்டார்கள் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுப் பக்கத்து வீட்டை முறைக்கிறார்கள்.

மதலேனா அண்ணி, "என் தம்பி இருந்திருந்தா பதினஞ்சுதான் குறையும்" என்றார்.

"அவரு எதுல போட்டிருப்பாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான் சொல்றதுலதான் போடுவான்."

"உங்ககிட்ட சரின்னுட்டு அதுக்கு மாத்திப் போடுவாரு. போன வருஷம் அப்படித்தான் பண்ணாரு."

அண்ணி வாயைப் பிளந்தார். பிறகு, "திருட்டுப் பய" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "இருந்திருந்தா" என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

அக்டோபர் 30, செவ்வாய்

மூத்தோர் சபை கூப்பிட்டது. ஏழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. இளநீர் கொடுத்தார்கள். என் வேலையைப் புகழ்ந்தார்கள். இவர்கள் புகழ ஆரம்பித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"நவம்பர் பதிமூணுக்குள்ள நோட்டைச் சரி பண்ணிடும்மா" என்றார் தலைவர். "முடியலேன்னா சொல்லு. வேற யார்கிட்டயாவது நோட்டைக் கொடுத்துப் பண்ணிடுவோம். அதுல ஒண்ணும் தப்பு இல்ல."

நானே செய்கிறேன் என்றேன். அவர் பெயரை எழுதிய கை இது. வேறு யாரோ ஒருவர் வந்து அடிப்பதா?

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளை அடித்து, சிப்பி மாலை போட்டு, பிளாஸ்டிக் பூ வைத்தார்கள். மதலேனா அண்ணி தன் அப்பா கல்லறைக்கு அடித்தார். அடித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அடித்தார். மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது நான் கையைப் பிடித்தேன்.

"விடு. சுண்ணாம்பு மிச்சம் இருக்கு" என்றார்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

ஏன் அங்கே சொன்னேன், ஏன் அப்போது சொன்னேன், தெரியவில்லை. யோசித்து வைத்திருந்ததில்லை. வாய் தானாகத் திறந்தது. கடலுக்குப் போன அன்று காலையில் கலோலோ கொல்லைப்பக்கம் வந்து, "அந்தத் துடுப்பை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். கொடி நிறைய ஈரத்துணி. துடுப்பை எடுத்தால் எல்லாம் மண்ணில் விழும். "துணி காயட்டும், இன்னிக்கு ஒரு நாள் துடுப்பு இல்லாமப் போனா குடி முழுகிப் போயிடாது" என்றேன். சரி என்று போய்விட்டார். அவர் படகு மோட்டார் வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுபோகும். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். திட்டுக்கு வெளியே நின்றுபோனால் துடுப்பு ஒன்றுதான். இல்லையென்றால் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போகும். மேற்கே ஒன்றுமே கிடையாது.

இதை எல்லாம் அண்ணியிடம் சொன்னேன். வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி சொன்னேன். என் குரல் எனக்கே அப்படித்தான் கேட்டது.

அண்ணி கையிலிருந்த மட்டையைச் சுண்ணாம்பு டின்னில் போட்டார். டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைத் திட்டியிருக்கலாம். ரெண்டு அறை அறைந்திருந்தாலும் நல்லாயிருந்திருக்கும். ஏன் ஒண்ணுமே சொல்லல?

நவம்பர் 4, ஞாயிறு

அண்ணி கோயிலில் வேறு பக்கம் உட்கார்ந்தார்.

நவம்பர் 6, செவ்வாய்

சூரை மீன் வந்தது. ஆளுக்கு ஒன்று. பெதேலோ மாமா "கலோலோ" என்றார். பின்னாலிருந்து குரல் வரவில்லை. மாமா காத்திருந்தார். கடைசியில் லெபெகா மெதுவாக, "இருக்காரு" என்றாள், பாவம். மீன் இறங்கியது.

நவம்பர் 8, வியாழன்

அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் கொடி வேறு கழியில் நிற்கிறது. தாழங்கழி, நுனியைக் கவட்டையாகச் செதுக்கி. துணி எல்லாம் மடித்துத் திண்ணையில் வைத்திருக்கிறது. துடுப்பைக் காணோம்.

அண்ணிதான் வந்துபோயிருக்கிறார். அவரைத் தவிர வேறு யாரும் என் துணியை இவ்வளவு மோசமாக மடிக்க மாட்டார்கள்.

என்ன அர்த்தம்? கோபம் போய்விட்டதா, தம்பியின் பொருளை எடுத்துக்கொண்டு என்னோடு உறவை முடித்துவிட்டாரா? லெபெகாவைக் கேட்டேன். "படகுக் கொட்டகைப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. மூஞ்சியப் பாத்தா பேசணும்னு தோணல, நான் உள்ள போயிட்டேன்" என்றாள்.

நவம்பர் 12, திங்கள்

நாளைக்குப் பதிமூன்று.

மதியம் அலுவலகத்தில் தனியாக இருந்தேன். நோட்டை விரித்து, ஸ்கேலை வைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக உள்கடல் தெரிந்தது, எப்போதும் போலப் பச்சையாக. யாரோ கிரிக்கெட் ஆடுகிறார்கள், சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. கோடு போட்டுவிட்டேன். மை காயக் காத்திருந்து நோட்டை மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. வீட்டுக்கு வந்து கிழங்கு அவித்தேன்.

நவம்பர் 13, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சூரை நிறையக் கிடைத்திருந்தது. ஆளுக்கு ஒன்று வைத்து மிச்சமும் இருக்கும். சபைத் தலைவர் உட்பட எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கமாக இவ்வளவு பேர் வருவதில்லை, பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். இன்று எதற்காக வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மதலேனா அண்ணியும் வந்திருந்தார், கடைசியில் நின்றார்.

பெதேலோ மாமா ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தார். எங்கள் வீடு வந்ததும், அடுத்து என் பெயர்தான் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"கலோலோ" என்றார்.

அடித்த பெயரை எதற்குப் படிக்கிறார்? யாரும் குரல் கொடுக்கவில்லை. அண்ணியும் இல்லை, லெபெகாவும் இல்லை. மாமா நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, குரல் வராமலே முதல் தடவையாக மீனை எடுத்து எங்கள் இடத்தில் வைத்தார்.

"லெபெகா" என்றார்.

லெபெகா "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார், உடனே நிறுத்திக்கொண்டார். நான் இன்னும் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்.

"செசிலியா, இங்க வாம்மா" என்றார் மாமா. "யாரை அடிச்சிருக்கேன்னு நீயே பாரு."

பார்த்தேன். ஸ்கேல் வைத்து நேராக, அழகாக ஒரு கோடு. செசிலியா என்ற பெயரின் மேல். மேல் வரியில் கலோலோ அப்படியே இருந்தார்.

பதினோரு வருடத்தில் நோட்டில் நான் செய்த ஒரே தப்பு.

"இருக்கட்டும் மாமா" என்றேன். அதுதான் வந்தது வாயில். "அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா எப்படி? எழுதினபடிதான் நான் வெப்பேன். இந்த நோட்டுப்படி நீ ஊர்ல இல்ல. இல்லாதவளுக்கு நான் எப்படி மீன் வெக்கிறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வெயில். மணல் சுட்டது. எனக்குப் பங்கு இல்லை என்பதில் ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது அண்ணி வந்தார். கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு. நேராக எங்கள் இடத்துக்குப் போய்க் கலோலோ பெயருக்கு வைத்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார்.

"புடி" என்றார். "என் தம்பி பங்கு. அவன் பொண்டாட்டிக்குக் கொடுத்துட்டுப் போயிட்டான்."

"அண்ணி..."

"பேசாத. துடுப்ப அவனே வந்து எடுத்திருக்கலாம். உன் துணி விழுந்தா விழுந்துட்டுப் போகுதுன்னு எடுத்திருக்கலாம். எங்கிட்ட கேட்டிருந்தா என் படகுத் துடுப்ப நான் கொடுத்திருப்பேன். கேக்கல. அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான், ஒரு தடவை வேண்டாம்னா ரெண்டாவது தடவை கேக்க மாட்டான்." எல்லாரும் கேட்கச் சொன்னார். துடுப்பைப் பற்றி இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. பிறகு மாமாவிடம் கையை நீட்டினார். "பேனாவக் கொடுங்க. அவன் பேரை நான் அடிக்கிறேன். தூக்கி வளத்தவ நான், இவ எதுக்கு அடிக்கணும்?"

அண்ணிக்கு எழுத்து அவ்வளவாக வராது. எந்த வரி என்று மாமா விரலால் காட்டினார். அண்ணி ஸ்கேல் இல்லாமல் அடித்தார். கோடு மேலும் கீழுமாகப் போய்ப் பக்கத்தைக் கிழித்தது. பிறகு, "இவ பேரை எழுதுங்க, எனக்கு வராது" என்றார். மாமா அடியில் எழுதினார். செசிலியா. இப்போது என் பெயர்தான் பட்டியலில் கடைசி, லெபெகாவின் நாலாவது பிள்ளைக்கும் கீழே.

அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. மீன் கனமாக இருந்தது. அதன் ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அண்ணிதான் அழுதார், அந்த அழுகையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

நவம்பர் 14, புதன்

நாள் முழுக்கத் தூங்கினேன்.

நவம்பர் 17, சனி

கப்பலில் பாதிரியார் வந்தார். பூசை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் அண்ணியின் அப்பாவுக்குப் பக்கத்தில் வெறும் கல் ஒன்று நட்டு வெள்ளை அடித்தோம். மிச்சம் இருந்த சுண்ணாம்பு அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. அண்ணி இதற்காகத்தான் மிச்சம் வைத்திருந்தாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கம்பியில் தொங்கிய கருவாட்டை எல்லாம் இறக்கி, வந்தவர்களுக்கு விருந்து வைத்தோம். கலோலோவின் பங்குதான் எல்லாம், இரண்டு மாதப் பங்கு. இன்றைக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லெபெகா நாலு பிள்ளைகளோடும் உட்கார்ந்து தின்றாள். உப்பைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பானை மட்டும் மூன்று தடவை காலியானது.

லோசாவிடம் போனில் சொன்னேன், இந்தக் கப்பலில் வரவில்லை என்று. எந்தக் கப்பலில் என்றாள். தெரியவில்லை என்றேன். அதற்கு மேல் அவளும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

கொஞ்சமாகத்தான் மீன். ஆளுக்குப் பாதி. வாத்தியார் வீட்டம்மாவின் தங்கை வந்திருக்கிறாள், லெபெகாவின் மாமனார் கப்பலேறிவிட்டார். எல்லாம் எழுதிவிட்டேன், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். கலோலோ போனது போக நூற்றுப் பத்தொன்பது.

பெதேலோ மாமா ஒவ்வொரு பெயராக வந்தார். லெபெகாவின் பிள்ளைகள் நாலு பேருக்கும் சொன்னார். கடைசியில், "செசிலியா" என்றார்.

"இருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மாமா அரை மீனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி திறந்தேன், காற்றுதான் வந்தது.

"இருக்கா!" பின்னாலிருந்து அண்ணி, கோயில் மணி மாதிரி. "இருக்கா இருக்கா, இங்கதான் நிக்கிறா. வெய்யிங்க!"

மீன் இறங்கியது.

வீட்டுக்கு வந்து, எப்போதும் போடுகிற அளவு உப்புப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். ஒரு வாய் வைத்தேன், வைத்ததும் துப்பிவிட்டேன். உப்பு கரித்தது. வாயெல்லாம் எரிந்தது. இரண்டு குவளை தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

மீதியைத் தண்ணீரில் அலசி அலசித் தின்றேன்.